எட்டு நிலவுப் படம்: பிறைகளைக் கற்பிக்கும் ஒரு விளக்கப்படத்தின் நிகழ்வு ஆய்வு

வளர்பிறை, தேய்பிறையை விளக்கப் பள்ளிப் புத்தகங்களில் பெரும்பாலும் ஒரே வகைப் படம்தான் வருகிறது. நடுவில் பூமி. அதைச் சுற்றி வட்டமாக எட்டு நிலவுகள். ஒரு பக்கத்திலிருந்து மஞ்சள் அம்புகளாகச் சூரிய ஒளி. அந்த எட்டுக்கும் வெளியே இன்னொரு வட்டத்தில் எட்டு உருவங்கள், அமாவாசை, பிறை, அரைநிலவு, பௌர்ணமி என்று பெயர்களோடு. வானியல் தெரிந்தவர் பார்த்தால் படத்தில் ஒரு பிழையும் சொல்ல முடியாது. ஆனால் இந்தப் படத்தை அச்சுப் பிசகாமல் வரைந்து, எட்டுப் பெயரையும் குறித்து, முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளையிடம் "பிறை ஏன் தேயுது?" என்று கேட்டால், "பூமியோட நிழல் அது மேல விழுது சார்" என்று பதில் வருவது சாதாரணம். உலகின் பல நாடுகளில் ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கும் பதில் இது. வளர்ந்தவர்களிடமும் இதே பதில் உண்டு.

இந்த ஆய்வு அந்த ஒரு படத்தைப் பற்றியது. அது எந்தெந்த இடத்தில் பிள்ளையைத் திசைதிருப்புகிறது, அதையே எப்படிக் கட்டியெழுப்பினால் புரியும், புரிந்ததா என்று எப்படிச் சோதிப்பது என்பதைப் படிப்படியாகப் பார்க்கிறோம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு, நாற்பது நிமிடப் பீரியடு நான்கு போதும். வீட்டில் மாலை நேரத்தில் வானம் பார்க்கும் வேலை தனி.

ஒரே தாளில் இரண்டு கண்கள்

படத்தின் முதல் சிக்கல், அதில் இரண்டு பார்வைகள் கலந்திருப்பது. உள்வட்டத்து நிலவுகள் விண்வெளியில், பூமியின் வடதுருவத்துக்கு மேலே நின்று பார்க்கும் ஒருவருக்குத் தெரிபவை. எந்த இடத்தில் இருந்தாலும் நிலவின் ஒரு பாதி வெளிச்சமாகவும் மறுபாதி இருட்டாகவும் இருக்கும். வெளிவட்டத்து உருவங்கள் பூமியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குத் தெரிபவை. இரண்டையும் ஒரே தாளில் ஒட்டிவிட்டு, "நீ இப்போது எங்கே நிற்கிறாய்" என்பதைப் படம் சொல்வதே இல்லை.

பிள்ளை இதைப் பல விதமாக வாசிக்கிறது. சிலர் வெளிவட்டத்தை நிலவின் இரண்டாவது சுற்றுப்பாதை என்று எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் உள்வட்டத்து நிலவு எல்லாமே பாதிப் பாதியாக இருப்பதைப் பார்த்து "எல்லா நாளும் அரைநிலவுதானே" என்று குழம்புகிறார்கள். குழப்பத்தைத் தீர்க்க வழி தெரியாதபோது பெயர்களை மனப்பாடம் செய்வதுதான் மிச்சம்.

இரண்டாவது சிக்கல் அளவு. பூமியின் விட்டம் 12,742 கி.மீ., நிலவின் விட்டம் 3,474 கி.மீ., இடைத்தூரம் சராசரியாக 3,84,400 கி.மீ. அதாவது நடுவில் முப்பது பூமிகளை வரிசையாக வைக்கலாம். புத்தகப் பக்கத்தில் பூமி 2 செ.மீ. என்றால் நிலவு 60 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். அது முடியாது என்பதால் 6 செ.மீ. தூரத்தில் வரைகிறார்கள். அங்கேதான் வினை. சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம், பூமிக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் பௌர்ணமி நிலவு. பூமியின் நிழல் அதன்மேல் விழாமல் எப்படி இருக்கும்? சிந்திக்கிற பிள்ளைதான் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொள்கிறது. படத்தின்படி பார்த்தால் பௌர்ணமிதோறும் சந்திர கிரகணம் வர வேண்டும். வெளியிலிருந்து வந்த மூடநம்பிக்கை என்று நிழல் விளக்கத்தைத் தள்ள முடியாது. அதில் பெரும்பங்கு இந்தப் படமே ஊட்டியது.

மூன்றாவது சிக்கலைப் பலரும் கவனிப்பதில்லை. வெளிவட்டத்தில் பிறை நேராக நிற்கும், வலப்பக்கம் ஒளிர்ந்தபடி. அது வடக்கே வெகுதூரத்தில் இருக்கும் நாடுகளின் வானம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மாலையில் மேற்கே தெரியும் பிறை தோணி மாதிரிப் படுத்துக் கிடக்கும், இரு கொம்பும் மேல்நோக்கி. வீட்டு மொட்டைமாடியில் பார்த்த பிறை புத்தகப் பிறையோடு ஒட்டவில்லை என்றால், பிள்ளை தன் கண்ணைத்தான் சந்தேகிக்கும். புத்தகத்தைச் சந்தேகிக்காது.

முதலில் அளவு: எலுமிச்சையும் கொண்டைக்கடலையும்

புத்தகப் படத்தைத் திறப்பதற்கு முன்பே அளவை முடித்துவிட வேண்டும். தேவையானவை: 4 செ.மீ. விட்டமுள்ள எலுமிச்சம்பழம் ஒன்று, 1 செ.மீ.க்குச் சற்று மேல் இருக்கும் பெரிய வெள்ளைக் கொண்டைக்கடலை அல்லது மணி ஒன்று, 120 செ.மீ. நூல், 2.9 செ.மீ. விட்டத்தில் வெட்டிய கறுப்புக் காகித வட்டு.

எலுமிச்சை பூமி, கடலை நிலவு. இரண்டையும் இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்து, "சரியான தூரத்தில் நில்லுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு சாண், இரண்டு சாண் தூரத்தில் நிறுத்துவார்கள். அது புத்தகப் படத்தின் தூரம். பிறகு நூலை இழுத்துப் பிடித்துக் காட்டுங்கள். இதே அளவில் சூரியன் ஏறக்குறைய 4.4 மீட்டர் விட்டம். வகுப்பறைக் கூரையை மீறும் பந்து அது, நிற்பது 470 மீட்டருக்கு அப்பால். பள்ளிக்குப் பக்கத்தில் அந்தத் தூரத்தில் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு கடையோ பஸ் நிறுத்தமோ இருந்தால் பெயர் சொல்லுங்கள்.

இப்போது நிழல். நிலவு இருக்கும் தூரத்தில் பூமியின் கருநிழல், அதாவது நிழலின் முழு இருட்டான நடுப்பகுதி, சுமார் 9,200 கி.மீ. அகலம், நம் அளவில் 2.9 செ.மீ. கறுப்பு வட்டை எலுமிச்சையின் மட்டத்திலேயே நூலின் முனையில் பிடிக்கச் சொல்லுங்கள். நிலவின் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் பாதையின் தளத்துக்கு 5 டிகிரிக்குச் சற்று மேல் சாய்ந்தது. 120 செ.மீ. நூலில் அந்தச் சாய்வு கிட்டத்தட்ட 11 செ.மீ., அதாவது அரைச் சாண். கடலையை வட்டுக்கு மேலே அரைச் சாண் உயர்த்திப் பிடித்தால், நிழல் எவ்வளவு சின்னது, நிலவு அதைத் தவறவிட எவ்வளவு இடம் இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். பௌர்ணமி வரும் நேரத்தில் நிலவு தன் பாதையில் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும். பூமியின் தளத்தைக் கடக்கும் இடத்துக்கு அருகில் இருக்கும்போது பௌர்ணமி வந்தால்தான் கிரகணம். அந்த வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது.

இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்வது நல்லது. ஏழாம் வகுப்புக்கு விகிதம் தெரியும். அவர்களாகவே 120 என்று கண்டுபிடித்தால் புத்தகத்தின் 6 செ.மீ. அவர்களுக்கு உறுத்தத் தொடங்கும். அந்த உறுத்தல்தான் நமக்கு வேண்டியது.

கரும்பலகையில் கட்டுதல்: ஒளிக்கோடு, பார்வைக்கோடு

முழுதாக வரைந்த சார்ட்டை ஆணியில் மாட்டிவிட்டுப் பாடம் எடுப்பது இந்தப் பாடத்தில் உதவாது. எட்டு நிலவும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டால் எட்டு நிலவு இருப்பதாகவே மனத்தில் பதியும். கரும்பலகையில், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு கோடாக வர வேண்டும்.

நான்கடி உயரப் பலகைக்கு இந்த அளவுகள் பொருந்தும்: பூமி 12 செ.மீ. விட்டம், பாதையின் ஆரம் 40 செ.மீ., நிலவு 14 செ.மீ. விட்டம். நிலவு பூமியைவிடப் பெரிதாக இருப்பது தெரிந்தே செய்வது. உள்ளே கோடு போட இடம் வேண்டும். பலகையின் மூலையில் "அளவுப்படி வரைந்தது அல்ல" என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் அந்த 120 செ.மீ. நூலை ஆணியில் தொங்கவிடுங்கள். பாடம் முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.

வலப்பக்கத்திலிருந்து ஒன்றுக்கொன்று இணையாக ஐந்தாறு மஞ்சள் கோடுகள் வரையுங்கள். ஒரு மூலையில் சின்னச் சூரியனை வரைந்து அதிலிருந்து விசிறிபோல் கதிர்களை விரித்தால் ஒவ்வொரு நிலவுக்கும் ஒளி ஒவ்வொரு திசையில் வருவதாகத் தோன்றும், பிறகு எல்லாமே கோணலாகும். சூரியன் 470 மீட்டருக்கு அப்பால் என்பதை இங்கே நினைவுபடுத்தினால் இணைகோடு ஏன் என்பது புரியும். பிறகு பூமி, அதன் இடப்பாதி இரவு. அடுத்து ஒரே ஒரு நிலவு.

எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்பதும் முக்கியம். அமாவாசையிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால் அமாவாசை நிலவு கண்ணுக்குத் தெரியாத ஒன்று. பூமிக்கு நேர் மேலே, பலகையின் உச்சியில் உள்ள அரைநிலவிலிருந்து தொடங்குங்கள். அந்த நிலவு வட்டத்தில் இரண்டு விட்டங்கள் வரைய வேண்டும்.

முதல் விட்டம் ஒளிக்கோடு. சூரியக் கதிருக்குக் குறுக்கே, செங்குத்தாக. அதன் வலப்பக்கம் வெளிச்சப் பாதி. எட்டு நிலவிலும் இந்தக் கோடு ஒரே மாதிரி இருக்கும், மாறவே மாறாது. இரண்டாவது விட்டம் பார்வைக்கோடு. பூமியின் நடுவிலிருந்து நிலவின் நடுவுக்கு ஒரு புள்ளிக்கோடு போட்டு, அதற்குக் குறுக்கே வரைவது. அதன் பூமிப் பக்கம்தான் நமக்குத் தெரியும் பாதி. இந்தக் கோடு ஒவ்வொரு நிலவிலும் திரும்பிக்கொண்டே இருக்கும். வெளிச்சப் பாதியும் தெரியும் பாதியும் எங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவோ, அந்தப் பகுதியை மட்டும் மஞ்சளால் நிரப்புங்கள். பிறைப் பாடம் முழுவதும் அந்த மஞ்சள் பகுதியில் இருக்கிறது.

உச்சியில் உள்ள நிலவில் கால்வட்டம் நிரம்பும். இடது ஓரத்து நிலவில் இரண்டு பாதிகளும் முழுதாக ஒன்றின்மேல் ஒன்று விழும், அது பௌர்ணமி. வலது ஓரத்தில் துளியும் விழாது, அமாவாசை. இந்த மூன்றை ஆசிரியர் வரைந்தால் போதும். மீதி ஐந்தைப் பிள்ளைகள் நோட்டில் வரையட்டும்.

இங்கே எதிர்பார்க்க வேண்டிய தவறு ஒன்று உண்டு. அமாவாசை இடத்திலிருந்து 45 டிகிரி தள்ளியிருக்கும் நிலவில் மஞ்சள் பகுதி ஓர் ஆப்பு வடிவமாக வரும். பிள்ளைகள் பிறை அப்படித்தான் தெரியும் என்று ஆப்பையே வெளிவட்டத்தில் வரைவார்கள். ஆப்பு மேலிருந்து பார்க்கும் வடிவம். அதைப் பூமியிலிருந்து தெரியும் வடிவமாக மாற்ற ஒரு சிறு வடிவியல் வேலை இருக்கிறது, அது மிகத் துல்லியமானது. ஒளிக்கோட்டின் எந்த முனை பூமிப் பக்கம் இருக்கிறதோ, அந்த முனையிலிருந்து பார்வைக்கோட்டுக்கு ஒரு செங்குத்து இறக்குங்கள். அது தொடும் இடம்தான் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் எல்லை. நோட்டில் 3 செ.மீ. ஆரமுள்ள வட்டம் என்றால் 45 டிகிரியில் அந்த இடம் மையத்திலிருந்து 2.1 செ.மீ. தள்ளி வரும். ஆகவே பிறையின் அகலம் 0.9 செ.மீ. மூன்றாம் பிறை சுமார் 30 டிகிரி. அங்கே எல்லை 2.6 செ.மீ.யில், அகலம் வெறும் 0.4 செ.மீ. இனி பக்கத்தில் தனியாக ஒரு வட்டம் போட்டு, மேல் முனையிலிருந்து அந்தப் புள்ளி வழியாகக் கீழ் முனைக்கு ஒரு வளைவு வரைந்தால் பிறை கிடைத்துவிடும்.

அந்த வளைவு மேல் முனையிலும் கீழ் முனையிலும் தொட்டே ஆக வேண்டும். பிறையின் இரண்டு கொம்பு நுனிகளை இணைத்தால் அது எப்போதும் வட்டத்தின் விட்டம். கதைப் புத்தகங்களில் கொம்புகள் கிட்டத்தட்ட மோதிரம்போல் வளைந்து, நடுவே ஒரு நட்சத்திரம் மின்னும். அது நடக்க முடியாத காட்சி. நிலவின் இருண்ட பகுதியும் அங்கேதான் இருக்கிறது, நட்சத்திரம் அதற்குள் நுழைந்து தெரியாது.

இன்னொரு தவறு, கரும்பலகைக்கே உரியது. ஆசிரியர் வெளிச்சப் பகுதியைச் சாக்பீஸால் நிரப்புகிறார், பலகையில் அது பளிச்சென்று தெரிகிறது. பிள்ளை நோட்டில் அதே பகுதியைப் பென்சிலால் நிரப்புகிறது, வெள்ளைத் தாளில் அது கறுப்பாகிறது. வீட்டுக்குப் போய்ப் படிக்கும்போது வளர்பிறை தேய்பிறையாகிவிடும். தேர்வுத்தாளில் வலமும் இடமும் மாறிய படங்களில் பல இப்படி உண்டானவை. தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: நோட்டில் இருட்டுப் பக்கத்துக்குத்தான் பென்சில், சாய்கோடுகளாக. முழுக்கறுப்பாகத் தீட்டினால் ஜெராக்ஸ் எடுக்கும்போது திட்டுத்திட்டாக வரும், சாய்கோடு சுத்தமாக வரும். வண்ணச் சாக்பீஸில் நீலமும் ஊதாவும் கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. பார்வைக்கோட்டைத் துண்டு துண்டான கோடாகப் போட்டால் வண்ணம் தெரியாத பிள்ளைக்கும் பிரித்தறிய முடியும்.

பெயர்களை 1, 2, 3 என்று எண் போட்டுக் கீழே பட்டியலாக எழுதாதீர்கள். கண் மேலும் கீழும் அலைவதிலேயே கவனம் கரைந்துவிடும். பெயர் உருவத்தை ஒட்டியே இருக்கட்டும்.

உருண்டையைக் கையில் கொடுத்தல்

ஆப்பு எப்படிப் பிறையாகிறது என்பதைக் கோட்டால் கணக்கிடலாம், ஆனால் நம்புவதற்கு உருண்டை வேண்டும். 7 செ.மீ. தெர்மாகோல் உருண்டை எட்டு, தென்னை ஈர்க்கு அல்லது மூங்கில் குச்சி எட்டு. ஒவ்வோர் உருண்டையிலும் சரிபாதிக்குக் கறுப்புப் போஸ்டர் கலர் அடியுங்கள். ஆயில் பெயின்ட்டோ தின்னர் கலந்த ஸ்பிரேயோ அடித்தால் தெர்மாகோல் உருகிப் பள்ளமாகிவிடும்.

எட்டுப் பிள்ளைகள் ஒன்றரை மீட்டர் ஆரத்தில் வட்டமாக நிற்க, நடுவே ஒருவர் ஸ்டூலில். எல்லா உருண்டையின் வெள்ளைப் பக்கமும் ஜன்னலைப் பார்க்க வேண்டும், ஜன்னல்தான் சூரியன். நடுவில் இருப்பவர் இடப்பக்கமாக மெல்லத் திரும்பினால் அமாவாசை முதல் பௌர்ணமி வரை, மீண்டும் அமாவாசை வரை எட்டு உருவமும் வரிசையாகத் தெரியும். உருண்டை கண் மட்டத்தில் இருக்க வேண்டும், கீழே இருந்தால் ஆப்பு மாதிரியே தெரியும். ஒவ்வொருவராக நடுவில் உட்கார ஒரு பீரியடு முழுவதும் ஆகும். அதைக் குறைக்க வேண்டாம்.

வட்டத்தில் நிற்பவர்களைக் கவனியுங்கள். சொல்லிச் சொல்லியும் சிலர் வெள்ளைப் பக்கத்தை நடுவில் இருப்பவரை நோக்கித் திருப்புவார்கள். நிலவு நமக்காக ஒளிர்வதாக, பூமியைப் பார்த்து விளக்குப் பிடிப்பதாக அவர்கள் மனத்தில் ஒரு படம் இருக்கிறது என்று அர்த்தம். நிலவுக்குச் சொந்த ஒளி இல்லை என்பதைப் பாடமாகச் சொல்லியிருப்பார்கள். ஆரியபடர் 1500 ஆண்டுகளுக்கு முன்பே, கி.பி. 499 வாக்கில், இதையும் கிரகணம் நிழலால் வருகிறது என்பதையும் எழுதிவைத்தார். ஆனால் சொல்வது வேறு, கை திருப்புவது வேறு. கை திருப்பும் திசையில்தான் புரிதல் தெரிகிறது.

இருட்டறை கிடைத்தால் வர்ணம் அடிக்காத வெள்ளை உருண்டையையும் விளக்கையும் வைத்து ஒருமுறை செய்யலாம். எல்.இ.டி. பல்பு கீழ்நோக்கித் தொங்கினால் பக்கவாட்டில் வெளிச்சம் குறைவாக இருக்கும். பல்பின் முகம் பிள்ளைகளைப் பார்க்கும்படி சுவரில் பொருத்துங்கள். இரண்டு மீட்டராவது தள்ளி நிற்கட்டும். வெள்ளைச் சுவர் அருகில் இருந்தால் எதிரொளி பட்டு இருட்டுப் பக்கமும் தெரியும், கறுப்புத் துணி தொங்கவிட்டால் சரியாகும். விளக்குக்கு முதுகு காட்டும்போது தலையின் நிழல் உருண்டையில் விழும். உடனே "கையை உயர்த்து" என்று திருத்தாதீர்கள். "இது பௌர்ணமியா, கிரகணமா?" என்று கேளுங்கள். பிறகு கையை உயர்த்தச் சொன்னால் அரைச் சாண் கணக்கு இங்கே வந்து பொருந்தும்.

பார்வைத்திறன் குறைந்த பிள்ளை இருக்கும் வகுப்பில், ஒரே ஓர் உருண்டையின் இருட்டுப் பாதியில் உப்புத்தாள் ஒட்டிக் கொடுங்கள். ஒரு கையால் வழுவழுப்பான பக்கத்தைச் சூரியத் திசையில் வைத்துக்கொண்டு, மறு கையால் தன்னை நோக்கிய பாதியைத் தடவினால் எவ்வளவு வழுவழுப்பு தட்டுப்படுகிறதோ அவ்வளவுதான் பிறை. கண் தெரிந்த பிள்ளைகளுக்கும் இதைக் கொடுத்துப் பார்க்கலாம், பார்வைக்கோடு என்பது என்னவென்று விரலில் புரியும்.

நம் வானத்தோடு ஒப்பிடுதல்

இந்தப் பாடத்துக்கு நம் பிள்ளைகளிடம் ஒரு நல்ல கருவி ஏற்கெனவே இருக்கிறது: வீட்டில் தொங்கும் தினசரி காலண்டர். அதில் அச்சாகும் திதி உண்மையில் சூரியனுக்கும் நிலவுக்கும் இடையிலான கோணம்தான். 12 டிகிரிக்கு ஒரு திதி, 30 திதிக்கு 360 டிகிரி. வளர்பிறை அஷ்டமி 84 டிகிரியில் தொடங்கி 96-ல் முடிகிறது, சரியாக நடுவில் 90. அரைநிலவு ஏன் அஷ்டமியை ஒட்டி வருகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்ததற்குச் சராசரி 29.53 நாள் என்பதால் திதி ஒரு நாளைவிடக் கொஞ்சம் குறைவு. காலண்டரில் "இத்தனை மணி வரை" என்று போட்டிருப்பது அதனால்தான்.

அமாவாசை முடிந்த மூன்றாம் நாளிலிருந்து பௌர்ணமி வரை, தினமும் மாலை 6.45-க்கு ஒரே இடத்தில் நின்று, அரைவட்டமாக வரைந்த தாளில் நிலவின் இடத்தையும் வடிவத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். கையை நீட்டி மடக்கிய முஷ்டி கிட்டத்தட்ட 10 டிகிரி. நிலவு ஒவ்வொரு நாளும் ஒரு முஷ்டிக்குச் சற்று மேல் கிழக்கே நகர்ந்திருக்கும். மேற்கு அடிவானத்தில் மெல்லிய பிறையாகத் தொடங்கி, அஷ்டமியில் உச்சிக்குப் பக்கத்தில் அரைநிலவாகி, பௌர்ணமியில் கிழக்கே முழுநிலவாக எழும். கரும்பலகையில் நிலவு நகர்ந்த அதே வரிசை. தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகையில் மழைமேகம் விடாது. தை முதல் பங்குனி வரை வானம் தெளிவு, பாடத்தை அப்போது வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

அந்த மாதங்களில் பிறை படுத்திருப்பதும் நன்றாகத் தெரியும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்குகிறது. நிலவு அதற்கு நேர் மேலே நிற்கிறது, ஒளிரும் பக்கம் கீழே பார்க்கிறது. ஆவணி, புரட்டாசியில் பார்த்தால் சற்று வலப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். எனவே "வளர்பிறைக்கு வலப்பக்கம் ஒளிரும்" என்ற மனப்பாடத்தை விட்டுவிட்டு, "ஒளிரும் பக்கம் எப்போதும் சூரியன் இருக்கும் திசையைப் பார்க்கும்" என்று சொல்லிக்கொடுங்கள். எந்த ஊரிலும், எந்த மாதத்திலும், படத்தில் ஒளி எந்தப் பக்கம் வந்தாலும் இது பொய்க்காது.

எல்லாவற்றிலும் வலுவான செயல்முறைக்குப் பைசா செலவில்லை. பௌர்ணமிக்குப் பிறகு ஐந்தாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள்வரை, காலை ஒன்பது மணிக்கு, பிரேயர் முடிந்ததும் நிலவு மேற்கு வானத்தில் வெளிறித் தெரியும். சூரியன் கிழக்கே, முதுகுப் பக்கம். மைதானத்தில் வெயிலில் நின்று வெள்ளை உருண்டையை நிலவுக்கு நேராக, பக்கத்திலேயே நீட்டிப் பிடித்துப் பாருங்கள். உருண்டையில் வெயில் பட்ட வடிவமும் நிலவின் வடிவமும் சாய்வு உட்பட ஒன்றாக இருக்கும். அதே சூரியன்தான் இரண்டிலும் படுகிறது. உருண்டையின் இருட்டுப் பக்கத்தில் எந்த நிழலும் வந்து விழவில்லை என்பதைக் கையில் பிடித்திருக்கும் பிள்ளையிடம் வாதாட வேண்டியதே இல்லை. மதியப் பள்ளிக்கு வளர்பிறை அஷ்டமி நாளில் மாலை நான்கு மணி, கிழக்கு வானம். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று இரண்டு வேளையிலும் சொல்லிவிடுங்கள்.

சோதித்தலும் திரும்பிப் போதலும்

"படம் வரைந்து பாகங்களைக் குறி" என்ற கேள்வி இந்தப் பாடத்தில் எதையும் கண்டுபிடிக்காது. புத்தகத்தில் ஒளி வலப்பக்கமிருந்து வந்தால் தேர்வில் இடப்பக்கமிருந்து வரட்டும். பெயர் இல்லாமல், உள்வட்டத்து நிலவு மட்டும் கொடுத்து வெளி உருவத்தை வரையச் சொல்லுங்கள். மனப்பாடம் செய்தவர் பௌர்ணமியைச் சூரியன் பக்கம் போடுவார். அவர் இரண்டு கோடு போடும் படிக்குத் திரும்ப வேண்டும்.

அடுத்து இரண்டு புகைப்படங்கள்: ஒன்று சாதாரணப் பிறை, மற்றொன்று பகுதிச் சந்திர கிரகணம். 2025 செப்டம்பர் 7 இரவு இந்தியா முழுவதும் தெரிந்த முழுச் சந்திர கிரகணத்தின் தொடக்கக் கட்டப் படங்கள் எளிதில் கிடைக்கும். எதில் பூமியின் நிழல், எப்படித் தெரியும்? பிறையில் இருட்டின் எல்லை வட்டத்தின் எதிரெதிர் முனைகளைத் தொடும். கிரகணத்தில் எல்லை மங்கலாக, நிலவைவிடப் பெரிய ஒரு வட்டத்தின் துண்டாக இருக்கும், கொம்பு நுனிகள் விட்டமாக அமைய வேண்டியதில்லை. பூமி உருண்டை என்பதற்கு அரிஸ்டாட்டில் காட்டிய சான்றுகளில் ஒன்று இந்த நிழலின் வளைவு. இதில் தடுமாறுபவர் எலுமிச்சைக்கும் நூலுக்கும் திரும்பட்டும். 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், திண்டுக்கல், யாழ்ப்பாணம் வழியாகச் சென்ற வளையச் சூரிய கிரகணம் அமாவாசை நாளில் வந்ததை எடுத்துக்காட்டி, "ஏன் பௌர்ணமியில் வரவில்லை?" என்று கேட்பதும் இதே படியைச் சோதிக்கும்.

மூன்றாவது கேள்வி வானத்துக்கு: அமாவாசைக்குப் பின் ஐந்தாம் நாள் மாலை ஏழு மணிக்கு நிலவு எங்கே, எந்த வடிவில்? மேற்கில், அடிவானத்துக்கும் உச்சிக்கும் ஏறத்தாழ நடுவில், ஒளிரும் பக்கம் கீழே என்று வந்தால் பாடம் முடிந்தது. "கிழக்கே உதிக்கும்" என்று வந்தால் அந்தப் பிள்ளை இன்னும் விண்வெளியில் நின்றே படத்தைப் பார்க்கிறது, ஸ்டூலில் இன்னொரு முறை உட்கார வேண்டும். நள்ளிரவில் உச்சி வானத்தில் மெல்லிய பிறை வரைந்த கதைப்படம் ஒன்றைக் காட்டி, சரியா தவறா என்று கேட்பதும் இதே வகை. பிறை சூரியனை விட்டு அதிகம் விலகாது, நள்ளிரவில் அது அடிவானத்துக்குக் கீழே.

விரைந்து முடித்துவிடும் பிள்ளைகளுக்கு ஒன்று: நாம் பௌர்ணமி பார்க்கும் நேரத்தில், நிலவில் நின்று பார்ப்பவருக்குப் பூமி எப்படித் தெரியும்? கரும்பலகையில் பார்வைக்கோட்டை இப்போது பூமி வட்டத்தில் வரைய வேண்டும். தெரியும் பாதி முழுவதும் இருட்டு என்று வந்தால், இரண்டு கோடுகளையும் எந்த வட்டத்திலும் அவர்களே வரைந்துகொள்வார்கள். வெள்ளியின் பிறைகளை அவர்களிடம் அதே நோட்டில், அதே முறையில் தொடங்கலாம்.